அறிவுச்செல்வி அப்பாவுக்குச் சொன்ன தமிழ்

அறிவுச்செல்வி எனக்கு அறிமுகமானது குரலாகத்தான். முகத்தைப் பார்க்க மூன்று வாரம் ஆயிற்று. திண்டுக்கல் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் எம்.எஸ்சி. கணிதம், அவள் எம்.காம். வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் நாங்கள் யாரும் இங்கிலீஷில் வாய் திறப்பதில்லை. அதனால் ஸ்போக்கன் இங்கிலீஷ் மேடம் எங்கள் போன் எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார். யார் எண் வருகிறதோ அவரோடு தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் போனில் இங்கிலீஷ் மட்டும் பேச வேண்டும். முகம் தெரியாவிட்டால் கூச்சம் இருக்காதாம்.

தொப்பம்பட்டிப் பக்கத்துக் கிராமம் எனக்கு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தத் தைரியத்தில்தான் போனை எடுத்தேன். ‘ஹலோ’ சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் வார்த்தை தீர்ந்துபோனது. ஒரு வாரத்தில் மெல்லப் பழகியது. தப்புத் தப்பாகப் பேசினோம், சிரித்தோம்.

ஒன்பதாம் நாள் போனுக்குள் ஒரு கனத்த குரல் கேட்டது.

“யாருடி அது, தெனமும் ஆறு மணிக்கு?”

அவளுடைய அப்பா உடையப்பன். கன்னிவாடியில் வெங்காய வெள்ளாமை. மகள் மொட்டை மாடிக்குப் போய்த் தனக்குப் புரியாத பாஷையில் ஒரு பையனோடு பேசிச் சிரித்தால் அவர் என்ன நினைப்பார்? அதிலும் வைகாசியில் கல்யாணம் வைக்கலாம் என்று சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார்.

“ஸ்பீக்கர்ல போடு. அந்தப் பய ஒன்னு சொன்னா ஒடனே எனக்குத் தமிழ்ல சொல்லணும். இல்லாட்டி காலேஜும் வேணாம், ஒன்னும் வேணாம்.”

மறுநாள் எங்கள் ஊர்ச் சந்தையில் ஆடு என்ன விலைக்குப் போகிறது என்று திக்கித் திணறி இங்கிலீஷில் சொன்னேன். அறிவுச்செல்வி அப்பாவிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அவுக அக்கா கோயம்புத்தூர்ல வேலை பாக்குறாகளாம்ப்பா. லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்காகளாம்.”

எனக்கு அக்காவே கிடையாது. அவள் அலுங்காமல் ஆட்டு விலையைப் பற்றி இங்கிலீஷில் அடுத்த கேள்வி கேட்டாள்.

தினமும் இதே கதைதான். எங்கள் கிணறு பற்றிச் சொன்னால், அக்காவின் சம்பளம் ஏறியது. மழை பற்றிச் சொன்னால், ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேன் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பயம் பிடித்தது. இவள் யாரையோ காதலிக்கிறாளோ? நாளைக்கு வீட்டை விட்டுப் போனால் போலீஸ்காரர் முதலில் கூப்பிடுவது என் நம்பரைத்தானே?

கேன்டீனில் அவளைத் தேடிப் பிடித்தேன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன்.

“யாருங்க அந்த அக்கா?”

“இருந்தா நல்லாத்தான இருக்கும்? உக்காருங்க, வடை சாப்டுங்க.”

“விளையாடாதீங்க. யாரையாச்சும் லவ் பண்றீங்களா?”

அவள் வடையைத் தட்டில் போட்டாள். “நெனச்சேன், நீங்களும் எங்கப்பா மாதிரிதான்.” பிறகு சொன்னாள்: கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிறது. பேச்சை வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். இதை விட்டால் வைகாசியில் கல்யாணம், அதோடு சரி. “ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போறேன்னு நான் கேட்டா சண்டை வருது. நீங்க சொன்னதாச் சொன்னா கம்முனு கேக்குறாரு.”

நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். பாதி நம்பினேன்.

உடையப்பன் அந்தப் பாதிகூட நம்பவில்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை ஹாஸ்டல் பற்றி அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறார். ஒரு அறைக்கு இரண்டு பேர் என்று முதலில் சொன்னவள், பிறகு நாலு பேர் என்றிருக்கிறாள். ஒரு சாயங்காலம் போனை அவரே வாங்கினார்.

“ஏப்பா, ஒங்கக்கா பேரு என்ன?”

ஒரு பெயர் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அடுத்து என்ன கேட்பாரோ? பிடிபட்டால் அவள் படிப்பே நின்றுபோகும். அதோடு, அப்பா வயதுள்ள மனுஷன் நேராகக் கேட்கும்போது எனக்குப் பொய் வரவில்லை.

“எனக்கு அக்கா இல்லீங்க.”

“அப்ப அம்புட்டும் இவ சொன்னதா?”

“ஆமாங்க. உங்க பொண்ணுக்கு வேலைக்குப் போகணுமுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க.”

போன் அணைந்தது. நாலு நாள் அழைப்பு இல்லை. வகுப்புக்கும் அவள் வரவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் அவள் எண்ணிலிருந்து உடையப்பன் பேசினார்.

“தம்பி, எனக்கு ஒன்னு வெளங்கல. நீ இங்கிலீஷ்ல ஒன்னு சொல்ற. அதக் காதுல வாங்கிக்கிட்டே எனக்கு வேற கதை கட்டுறா. ஒடனே ஒனக்கும் இங்கிலீஷ்ல பதில் சொல்றா. ரெண்டும் ஒரே மூச்சுலயா?”

“ஆமாங்க. எங்க கிளாஸ்ல யாராலயும் அது முடியாதுங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப அந்த இன்டர்வியூல பாஸாயிருவாளா?”

“ஆயிருவாங்க.”

“ஒன்னையும் நான் நம்பல, அவளையும் நம்பல. கம்பெனியையும் ஹாஸ்டலையும் என் கண்ணால பாத்துட்டுத்தான் விடுவேன். மாப்பிள்ளை வீட்டுல வைகாசி வேணாம்னு சொல்லிட்டேன்.”

அறிவுச்செல்வி தேர்வானாள். சொன்னபடியே உடையப்பன் கூடப் போய், ஹாஸ்டல் கேட்டுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அவளுக்கு இப்போது இருபத்து நாலு வயது. கோயம்புத்தூரில் அதே கம்பெனியில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலையில் இருக்கிறாள்.