ஐஸுக்கு மேலே தெரிந்த உச்சி

போன மழைக்காலத்துல நடந்தது. பர்மாவுல, யாங்கூன் நகரத்துல, தாகேதா பக்கம் எங்க வீடு. வீட்டுக்காரர் சரக்குக் கப்பல்ல சமையல்காரர். அந்தத் தடவை கிரீன்லாந்து பக்கம் போயிருந்தார்.

எங்க மாதிரி கப்பல்காரங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. கடல்ல இருக்கிற மனுசனுக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. மனசு கலங்கினா அங்க கைகால் தவறிடும்னு பயம். என் மாமியார் இதுல ரொம்பக் கறார். அவங்க புருசனும் கப்பல்காரர்தான்.

அப்ப பார்த்து என் மகளுக்கு டெங்கு வந்துச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்த மறுநாளே மூக்குல ரத்தம், ஈறுல ரத்தம். உடனே ரத்தம் ஏத்தணும்னாங்க. அவளுக்கு அப்பா மாதிரியே நெகட்டிவ் ரத்தம். இந்த ஊர்ல அது குதிரைக் கொம்பு. ஆஸ்பத்திரியிலயும் இல்ல, சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் சேரல.

அந்த நேரத்துல அவர் வீடியோல கூப்பிட்டார். ஆஸ்பத்திரி மாடிப்படியில மாமியாரோட நின்னு, சிரிச்ச முகமா எடுத்தேன். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை, நடுவுல கறுப்பா ஒரு பாறை.

"பாறைன்னு நினைச்சிடாத, பெரிய மலை! கழுத்து வரைக்கும் ஐஸ் மூடிருச்சு, உச்சி மட்டும்தான் வெளிய தெரியுது. பாப்பாவைக் கூப்பிடேன், காட்டணும்."

அவ தூங்குறான்னு சொல்ல வாயெடுத்தேன், வரல. கழுத்து வரைக்கும்னு அவர் என்னைச் சொன்ன மாதிரியே இருந்துச்சு. ஓன்னு அழுது எல்லாத்தையும் கொட்டிட்டேன். பக்கத்துல மாமியார் தலையில அடிச்சுக்கிட்டாங்க.

அவர் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். அப்புறம், "அழாத. என்கூட வேலை பார்த்த பர்மாக்காரர் ஒருத்தர் ஆத்துக்கு அந்தப் பக்கம் தன்லியின்ல லீவுல இருக்கார். அவருக்கும் இதே ரத்தம்தான்"னார். கப்பல்ல யாருக்கு என்ன ரத்தம்னு எல்லாருக்கும் தெரியுமாம். நடுக்கடல்ல வேற யாரு குடுப்பா?

வீட்டுக்காரர் போன் போட்டுச் சொன்னதும், கொட்டுற மழையில பாலம் தாண்டி வந்தார் அந்த மனுசர். கைலி சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. ரத்தம் குடுத்துட்டு ஒரு டீ மட்டும் குடிச்சார். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டாங்க. "நாளைக்கு எனக்கு உங்க மகன் குடுப்பாரும்மா"ன்னு பர்மா பாஷையில சொல்லிட்டுக் கிளம்பிட்டார்.

மகள் பிழைச்சுட்டா. இந்தத் தடவை வீட்டுக்காரர் கப்பலேறினப்போ மாமியாரே, "நல்லது கெட்டது எல்லாம் சொல்லுவோம்டா, நீயும் மறைக்காத"ன்னாங்க. அவர் அப்புறமா அனுப்பின அந்த மலைப் படம் இன்னும் என் போன்ல இருக்கு. அன்னைக்கு அவர் அந்த மலையைக் காட்டாம இருந்தா, எல்லாரும் சுகம்னு சொல்லித்தான் போனை வச்சிருப்பேன். அதை நினைச்சா இப்பவும் ஓடிப்போய் மகளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்குவேன்.