ஹேமாவின் முதல் கீபோர்டு

தொலைக்காட்சியில் ஏழு வருடமாகப் பியானோ வாசிக்கும் ஹேமாவைத் தெரியாதவர்கள் ஆவுடையார்கோவில் பக்கம் குறைவு. அவள் அப்பா சொக்கநாதனையும் எல்லோருக்கும் தெரியும், மகளின் முதல் கீபோர்டைப் போட்டு உடைத்த பாவியாக.

அந்தக் கதையைச் சொன்னவள் ஹேமாதான். ஏழு வருடம் முன்பு, தொலைக்காட்சி இசைப் போட்டியின் முதல் சுற்றில், பார்ப்பவர்கள் உருகும்படி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். அவளுக்கோ அப்படி ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. சனிக்கிழமைதோறும் அப்பா கீபோர்டை உரச்சாக்கில் சுற்றி, மொபெட்டில் அவளை அறந்தாங்கி வகுப்புக்குக் கூட்டிப்போனார். அதைச் சொன்னால் யார் அழுவார்கள்? வாய் கூசாமல் மாற்றிச் சொன்னாள். அரங்கமே அழுதது.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், எதிரே இருந்த பெண் சொக்கநாதனிடம் நேராகவே கேட்டாள்.

"பெத்த புள்ளயோட கீபோர்ட ஒடைக்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

"அப்ப புத்தியில்லைங்க" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி. பக்கத்தில் இருந்த ஹேமா பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய கீபோர்டைத் தேடினாள். கூடத்தில் இல்லை.

"நெல்லு மூட்டைக்குப் பின்னாடி இருக்கும்மா" என்றார் அப்பா. "முழுசா இருக்கறத யாராச்சும் பாத்துட்டா ஒன்னயத் தப்பாப் பேசுவாங்கள்ல. ஏழு வருசமா அங்கிட்டுத்தான் இருக்கு."