நாலெழுத்துப் பெயரும் கிளாக்கரய்யாவும்

அந்தக் கடிதம் கோடு போட்ட நீளத் தாளில் இருந்தது. மேலே வலது பக்கம் தோட்டத்தின் பெயரும் தேதியும். நடுவில், அடிக்கோடிட்டு, "பெயர் மாற்றம் தொடர்பாக". கீழே கையெழுத்து, அதன்மேல் ரப்பர் முத்திரை. எழுதியவர் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர், தலைமை எழுத்தர். தாள் பறக்காமல் ஓரத்தில் ஒரு கத்தரிக்கோலை வைத்து, போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். மென்பொருளில் குறை சொல்ல யாரும் முத்திரை குத்தி நான் பார்த்ததில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்த மென்பொருளை எழுதியவன் நான். மாத்தளை டவுனில் கம்பியூட்டர் திருத்திப் பிழைக்கிறேன்; மிச்ச நேரத்தில் இலவச மென்பொருள் எழுதுவேன். இலவசம் என்றால் விலை மட்டும் இல்லை. உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், திருப்பித் தரலாம். எங்கள் கூட்டத்தில் நாலைந்து பேர். கொழும்பில் இரண்டு பேர், கனடாவில் ஒருவர். எங்களுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் பெயர் வைப்பதில் உள்ள சுகத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். நீளமான ஆங்கிலப் பெயரை யோசித்து, முதல் எழுத்துகளைக் கோத்து, வாயில் நுழைகிற மாதிரி ஒன்று விழுந்தால் அன்று முழுக்க எங்களுக்குச் சாப்பாடு வேண்டாம்.

மிளகு விலை சொல்லும் மென்பொருள் ஒன்று முன்பு செய்தேன். அதன் மூன்று ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் பேய் என்று வந்தது. நான் கவனிக்கவே இல்லை. மிளகு வியாபாரி, முஸ்லிம் நானா ஒருவர்தான் கடை வாசலில் நின்று, "என்ன தம்பி, இன்னைக்கு பேய் என்ன சொல்லுது?" என்று கேட்டுக் கண்டுபிடித்தார். டவுன் முழுக்க அது பரவி, பேயைப் பார்க்காமல் ஒருவரும் மிளகு விற்கவில்லை. தப்பான பெயர் தானாக விளம்பரம் செய்யும் என்று அன்று நான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்து செய்ததுதான் மண்சரிவு எச்சரிக்கை. தோட்டத்து ஆபீசில் மழை அளப்பது பழைய வழக்கம். கிளாக்கரய்யா அளந்து போனில் எனக்கு அனுப்புவார். மென்பொருள் கூட்டிப் பார்த்து, அளவு தாண்டினால் மலைச்சரிவுக்குக் கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் போன்களுக்கு மெசேஜ் போடும். மாத்தளை, ஏரியா, லேண்ட்ஸ்லைட், அலர்ட். ஆங்கில முதல் எழுத்துகளைக் கோத்தால் மலா. மலைக்குப் பக்கத்தில் நிற்கிறதே என்று பூரித்துப் போனேன். சின்ன வயதிலிருந்து சிங்களத்தில் சண்டை பிடிக்கிறவன் நான். மள என்றால் செத்த, மளகெதர என்றால் செத்தவீடு என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் திரையில் பெரிய ஆங்கில எழுத்துகளைப் பார்க்கும்போது எனக்கு அது காதில் விழவில்லை. லயத்து ஆட்களுக்கு முதல் மெசேஜிலேயே விழுந்துவிட்டது.

கடிதத்தில் கிளாக்கரய்யா அதைத்தான் எழுதியிருந்தார். போனில் அந்த நாலு எழுத்து வந்தால் பெண்கள் திறந்து பார்க்காமலே அழித்துவிடுகிறார்கள். மனைவியை அடக்கம் செய்து மூன்றாம் நாள் இருந்த ஒருவருக்கு அது வந்து, யாரோ கேலி செய்கிறார்கள் என்று பக்கத்து வீட்டோடு கைகலப்பு. தயவுசெய்து வேறு பெயர் வைக்கவும்.

நான் கடிதத்தின் படத்தை எங்கள் பொதுப் பக்கத்தில், திருத்தம் கேட்கும் இடத்தில் போட்டேன். கூட்டாளிகள் அதைவிட மோசமான பெயர்களாகத் தேடித் தேடி எழுதினார்கள். பாதியை எழுதியது நான். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த என் மனைவி, "அந்த மனுஷன் கெஞ்சிக் கேட்டிருக்காரு. நீங்க பல்ல இளிச்சிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். அதற்கும் சிரித்தேன்.

உண்மையில் எனக்குச் சோம்பல். பெயர் எல்லாக் கோப்புகளிலும் இருந்தது. போன் கம்பெனியிலும் திரும்பப் பதிய வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோம்பலை வெளியே சொல்ல வெட்கம். கேலிப் பகிடிக்கு வெட்கம் கிடையாது.

கிளாக்கரய்யாவுக்குப் போன் எடுத்து, "ஐயா, பேர மாத்தினா மழை நின்டுருமா?" என்றேன்.

"மழை நிக்காதுங்க தம்பி. ஆளுங்க போனத் திறந்து பாப்பாங்க."

"எங்க வழக்கம் ஒன்னு இருக்குங்க ஐயா. திருத்தம் கேக்கிறவங்கதான் அதச் செஞ்சு குடுக்கணும்."

இது எங்கள் உலகத்தில் தினமும் சொல்வது. தொல்லை கொடுப்பவரை வாயடைக்கச் சொல்லும் வாக்கியம். நிரல் எழுதத் தெரிந்தவருக்கே அது குத்தும். அவர், "அப்படிங்களா. சரிங்க, பாக்கிறேன்" என்றார். நான் அந்தக் கோரிக்கையை மூடிவிட்டு, கீழே ஒரு சிரிக்கும் முகமும் போட்டேன்.

பிறகு அவரிடமிருந்து மழை அளவு மட்டும் வந்தது. எச்சரிக்கை போன நாட்களில் லயத்து ஆட்கள் ஒழுங்காகத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பார்த்தாயா, பெயர் பழகிவிட்டது என்று மனைவியிடம் பெருமை அடித்தேன்.

மூன்று நாள் விடாமல் பெய்த ஒரு மழையில், பகல் ஒரு மணிக்கு அவர் அனுப்பிய அளவு எல்லையைத் தாண்டியது. மெசேஜ் போனது. இரண்டரைக்குப் பணிய லயத்துக்கு, கீழே இருந்த வீட்டு வரிசைக்கு, மேலே இருந்த மண் மொத்தமாக இறங்கியது. பன்னிரண்டு வீட்டில் பாதி மண்ணுக்குள் போனது. செத்தது ஒரே ஆள், கிளாக்கரய்யா.

அங்கே அவருக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. செத்தவீட்டில்தான் தெரிந்தது. பணிய லயத்துப் பெண் ஒருத்தி, நான் யாரென்று தெரியாமல், என் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"மெசேஜ் வந்தா ஐயா கொடையப் புடிச்சிக்கிட்டு எறங்கிருவாருங்க. ஒவ்வொரு கதவாத் தட்டி, போன வாசிச்சுக் காட்டி, கெளம்புங்க கெளம்புங்கன்னு நிப்பாரு. உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலன்னு நாங்க கேட்டோம். டவுன்ல கம்பியூட்டர் தம்பி சொல்லியிருக்காரு, கேக்கிற ஆளுதான் செஞ்சு குடுக்கணுமாம், எனக்குத் தெரிஞ்சது இதுதான்னாரு."

பதினொரு வீட்டு ஆட்களை அவர் அனுப்பிவிட்டார். கடைசி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றபோதுதான் மண் வந்தது. அந்த வீட்டில் யாரும் இல்லை. காலையிலேயே நாவுலயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெயரை மாற்ற உட்கார்ந்தேன். மனைவி வைத்த தேநீர் ஆறுவதற்குள் கோப்புகள் முடிந்தன. போன் கம்பெனிக்கு நாலு நாள். புதுப் பெயர் வெறும் மழை எச்சரிக்கை. உள்ளே எதுவும் கோக்கப்படவில்லை. கூட்டாளிகள் யாரும் பகிடி விடவில்லை. நானும் பலர் நடுவில் வாயைத் திறக்கக் கொஞ்ச நாள் பயந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில், புதிதாக வந்த கிளாக்கருக்கு அளவு அனுப்பக் காட்டிக்கொடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். பணிய லயத்தில் உடையாமல் மிஞ்சிய வீடுகளில் ஆட்கள் திரும்பக் குடியிருந்தார்கள். வேறு இடம் கொடுப்பதாகச் சொன்னவர்கள் இன்னும் கொடுக்கவில்லை. நான் ஆபீசில் இருக்கும்போதே மழை பிடித்தது. புதுக் கிளாக்கர் அளந்து அனுப்பினார்; முந்தின நாள் மழையோடு கூட்டி எல்லையைத் தாண்டிவிட்டது. என் போனிலும் மெசேஜ் விழுந்தது. வெளியே வந்து கீழே பார்த்தேன். ஒரு பத்து நிமிடம் பார்த்தேன். லயத்தில் யாரும் அசையவில்லை.

குடை இல்லாமல் இறங்கினேன். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மெசேஜ் திறந்திருந்தது.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேங்க."

"அப்ப ஏன் போகல?"

"ஆளு வரலையே" என்றாள். "எப்பவும் மெசேஜ் வந்த பொறகு ஆளு வருவாரு. வந்து சொன்னாத்தான் கெளம்புவோம்."

அவள் தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள்.

"கிளாக்கரய்யா அனுப்பின ஆளுங்களா?"

"ஆமாங்க" என்றேன். "கெளம்புங்க."

அவள் உள்ளே திரும்பிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். நான் அடுத்த கதவைத் தட்டப் போனேன்.