காரின் அடியில் விரித்த காகிதம்

ஏழுமலை இறந்துபோன செய்தி கடையில் வைத்துத்தான் எனக்கு வந்தது. தாமலிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவர், நான் பிரித்துப் போட்ட முந்தானையைத் தடவிக்கொண்டே, "நம்ம ஷெட்டுக்கார ஏழுமலை பூட்டாரு, தெரியுமா? வண்டிக்கு அடியில படுத்து வேலை பாத்துக்கினு இருந்தவரு, மாரைப் புடிச்சிக்கினு வெளிய வந்தாராம். அவ்ளோதான்" என்றார். அந்தப் புடவையை மறுபடி மடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. இருபது வருஷமாகப் புடவை மடிக்கிறவன் நான்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் 'போல்ட்டு முடுக்காத ஏழுமலை'. அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினோரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டுக் கடையின் முதலாளி அப்போது கார் வைத்திருந்தார். ஏழுமலை அதற்கு டிரைவர். தாமலுக்குப் பக்கத்தில் ஊருக்கு வெளியே இருந்த காலனியிலிருந்து சைக்கிளில் வருவார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆனாலும் நான் அவரை 'வா, போ' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் வண்டியை மெட்ராசுக்கு அனுப்ப முடியாது என்பதால், கடைக்குப் பின்னால் முதலாளி வீட்டுக் கொல்லையிலேயே அவர் சர்வீஸ் செய்வார். மதியம் கடையில் கூட்டம் இல்லாதபோது நான் போய் வேடிக்கை பார்ப்பேன்.

ஒருநாள், "பாத்துக்கினே இருந்தா கை கறுப்பு ஆவாது சார். கீழ வாங்க" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கில் படுத்தேன். பிளக்கை உப்புக்காகிதத்தால் தேய்ப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எஞ்சின் ஆயில் மாற்றுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எதை மாட்டினாலும், "மொதல்ல கையால திருகுங்க. கை போற வரிக்கும் போவட்டும். அப்பால ஸ்பேனரு" என்பார். ஆயில் மாற்றிய அன்று ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைப்பது அவர் வழக்கம். காலையில் குனிந்து பார்ப்பார். காகிதத்தில் ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார். "நம்ம வாய் பொய் சொல்லும் சார், காயிதம் சொல்லாது" என்று சிரிப்பார்.

தங்கை கல்யாணத்துக்காக அவர் இரண்டு நாள் லீவு போட்டிருந்தார். லீவு முடிந்து அவர் திரும்பும் அன்று காலையே முதலாளி குடும்பத்தோடு செங்கல்பட்டுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். ஆயில் மாற்ற வேண்டிய கெடு தாண்டிவிட்டது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, முந்தின சாயங்காலம் நான் செய்தேன். அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி வடித்த பழைய எண்ணெயைக் கொல்லைக் குழியில் கொட்டியபோது, கசியாமல் அடைக்கிற அந்த போல்ட்டின் செம்பு வாஷரும் அதோடு போய்விட்டது. குழியில் கைவிட்டுத் துழாவ எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் மூக்குக் கண்ணாடிக் காம்பு ஆடினாலும் குடைக்கம்பி கழன்றாலும் பட்டுநூல்தான் கட்டுவோம். பட்டை விட உறுதியானது உலகத்தில் இல்லை என்று வாடிக்கையாளரிடம் தினமும் சொல்கிறவன் நான். என் பேச்சை நானே நம்பினேன். கடையிலிருந்து முறுக்கிய அரக்கு நூலை எடுத்துவந்து போல்ட்டில் சுற்றி இறுக்கினேன். மறக்காமல் காகிதமும் விரித்தேன்.

காலையில் குனிந்து பார்த்தேன். காகிதத்தில் நெற்றிப் பொட்டு அளவுக்கு ஒரு கறை இருந்தது. வாசலில் ஏழுமலையின் சைக்கிள் மணி கேட்டது. புடவை மடிக்கிற கை அல்லவா, காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஆயில் மாத்திட்டீங்களா சார்? காயிதம் பாத்தீங்களா?"

"பாத்தேன். சுத்தமா இருக்குது. நீ வண்டிய எடு, நேரமாவுது."

அவர் குனியப் போனார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, சாவியை வாங்கிக்கொண்டார்.

முதலாளி குடும்பத்தோடு நானும் போனேன். வாலாஜாபாத் தாண்டியதும் எஞ்சின் கதறி நின்றது. சொட்டு எண்ணெய் இல்லை. அடியில் படுத்த ஏழுமலை வெளியே வந்தபோது கையில் கருகிய நூல் இருந்தது. என்னைப் பார்த்தார். நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "யாருடா ஆயில் மாத்தினது?" என்று முதலாளி கத்தினார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த நான், "எப்பவும் ஏழுமலைதானுங்களே மாத்துறது" என்றேன். சொன்னது முழுப்பொய்கூட இல்லை பாருங்கள், அவ்வளவு கெட்டிக்காரத்தனம். காலனியிலிருந்து வந்த டிரைவர் வாய்க்கு எதிரே என் வாய் செல்லும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றோடு அவர் வேலை போயிற்று. போல்ட்டை முடுக்காமல் விட்டவர் என்று பேராகி, ஊரில் வேறு யாரும் அவரை டிரைவராக வைத்துக்கொள்ளவில்லை. தாமல் பக்கம் சாலையோரமாகக் கீற்றுக் கொட்டகை போட்டு, சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தொடங்கி, மெல்ல மெல்லக் கார் வேலைக்கு வந்தார்.

முதலாளி காலமான பிறகு அவர் மகன் அதே காரை என்னை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன், ஆனால் அடியில் படுக்க அப்புறம் எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் ஆயில் மாற்ற ஏழுமலையின் ஷெட்டுக்கே கொண்டுபோனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். "வாங்க சார்" என்று ஸ்டூல் போட்டார், டீ வாங்கித் தந்தார், பேசிக்கொண்டே வேலையை முடித்தார். நான் டீயைக் குடித்துவிட்டு ஆயில் விலையைப் பற்றிக் கேட்டேன். கிளம்பும்போது என் உள்ளங்கையில் இரண்டு செம்பு வாஷர்களை வைத்தார். "வெச்சிக்குங்க சார். பட்டு நூலு சூடு தாங்காது" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. தொழில்காரன் தொழில்காரனுக்குச் சொல்வது போல் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

காரியத்தன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பச்சையம்மாளிடம், "அந்த போல்ட்டு விஷயம்... அது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் சார்" என்றார் அந்த அம்மாள். "அன்னிக்கே நூலைக் கொண்டாந்து காட்டுனாரு. நான்தான் போயி கேக்கறேன்னு நின்னேன். வாணாம், நல்ல மனுசன், அவரே ஒருநாளு வந்து சொல்லுவாருன்னாரு. உங்க கார் சத்தம் ரோட்டுல கேட்டாக்கூட எழுந்து பாப்பாரு." பிறகு, "அவரு உசுரோட இருக்கச்சொல்லவே வந்து சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

இரண்டு வாஷரில் ஒன்றைக் காரில் போட்டாகிவிட்டது. மற்றொன்று என் மேசை டிராயரில் இருக்கிறது. அதோடு அந்த அம்மாள் கேட்டதும் என்னிடம் இருக்கிறது. ஏழுமலை எந்த போல்ட்டையும் முடுக்காமல் விட்டவர் அல்ல. அன்று காலை காகிதத்தைப் பார்க்காமல் என்னை நம்பினார், அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.