கல்வெட்டில் இல்லாத சத்தம்

என் வீட்டுக்காரர் போய் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்கு வழக்கம்போலக் கல்வெட்டு கொடுத்தோம். இறந்தவரின் வாழ்க்கையையும் சில தேவாரங்களையும் சேர்த்து அச்சிடும் சிறிய புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆட்கள் போன பிறகு எடுத்து வாசித்தேன். "சாந்தமான சுபாவமும் மென்மையான பேச்சும் கொண்டவர்" என்று இருந்தது. யாரை எரித்துவிட்டு வந்தோம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் அவருடைய சத்தம் கேளாத ஆள் இல்லை. தண்ணீர் மோட்டரை நிறுத்த மறந்தால் கத்துவார். பஸ் பிந்தினால் கத்துவார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைக் காணவில்லையென்று கத்துவார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. மாம்பழக் காலமென்றால், பின்னேரம் ஒரு கறுத்தக்கொழும்பானை வெட்டி, கன்னம் இரண்டையும் என் தட்டில் வைத்துவிட்டு, கொட்டையைத் தான் சூப்புவார். அந்த மனிதர் அச்சில் இல்லாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆண்டுத் திவசத்துக்கு இன்னொரு கல்வெட்டை நானே எழுதுகிறேன் என்றேன். கனடாவிலிருக்கும் மகள் தொலைபேசியில் பதறினாள்.

"அம்மா, அப்பா கத்தினதை எழுதாதேங்கோ. சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் பிள்ளை. கத்தினதை வெட்டினா, அவர் வெட்டித் தந்த மாம்பழம் என்னத்துக்கு?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால், "கோப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்" என்றே கை தொடங்கியது. கோபத்தில் கிழித்துப் போட்டேன். பிறகு, உயிரோடிருக்கும்போது அவரைக் கூப்பிட்டதுபோலவே "இஞ்சேருங்கோ" என்று எழுதினேன். அதன்பின் பேனை நிற்கவில்லை. தேநீர் ஆறிப்போகும், அடுப்பில் பால் பொங்கி வழியும். அவர் கத்தும்போது ஒருநாளும் வாய் திறக்காத நான், தாளில் திருப்பிப் பேசினேன். நன்றாக ஏசி முடித்த அன்றுதான், அவர் போன பிறகு முதன்முறையாக மனம்விட்டு அழுதேன். எழுபது வயதுக்குப் பிறகு உனக்கென்ன எழுத்து என்று கேட்கும் அயலட்டைச் சனத்துக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?

திவசத்துக்கு மகளும் வந்திருந்தாள். வழக்கமாகப் பந்தலில் கல்வெட்டு விசிறத்தான் உதவும். அன்று ஒருவரும் விசிறவில்லை. அவருடைய தம்பியார் ஒரு பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தார், அடுத்த பக்கத்தில் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

மறுநாள் காலை மகள் என் மேசையருகே கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அம்மா, ஒண்டை விட்டிட்டியள். நான் கனடாவுக்குப் போகேக்கை, பெட்டி பாரமெண்டு எயார்போட்டிலை நிண்டு கத்தினவரெல்லோ."

"ஓம். சனமெல்லாம் திரும்பிப் பாத்தது."

"நீங்கள் தண்ணிப் போத்தில் வாங்கப் போன பிறகு, என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு விக்கி விக்கி அழுதவர். கொம்மாட்டைச் சொல்லாதை எண்டவர்."

கல்வெட்டு அச்சாகி, பங்கிட்டும் முடிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு புதுத் தாளை எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ," என்று எழுதினேன், "அண்டைக்கு நானும் கடைக்குப் பின்னாலை நிண்டு அழுதுபோட்டுத்தான் தண்ணியோடை வந்தனான்."