கடல் எப்பிடி என்று கேட்டால்

யூலியானா விமானம் ஓட்டப் பழகுகிறாள் என்ற கதை ஊர்காவற்றுறையில் முதன்முதலாக அடிபட்டபோது யாரும் நம்பவில்லை. இரண்டாம் முறை வந்தபோது நம்பினார்கள். ஆனால் அவளுக்கு ஏதோ பிசகிவிட்டது என்றார்கள். நான் அவளுக்குப் புத்தி சொல்லப் போகவில்லை. அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன் நான். அவள் ஒன்றை நினைத்துவிட்டால் நல்ல புத்தி சொல்லப் போகிறவருக்குத்தான் நேரம் வீண்.

அவள் மருத்துவமாது. பதினான்கு வருடமாகக் கிழமைக்கு மூன்று நாள் படகேறி அனலைதீவுக்குப் போய், கர்ப்பிணிகளைப் பார்த்து, குழந்தைகளைத் தராசில் நிறுத்துவிட்டுத் திரும்பி வருகிறாள். பதினான்கு வருடமாகப் படகில் சத்தியும், அதாவது வாந்தியும், எடுக்கிறாள். தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை நாற்பது வருடம் கடலில் தொழில் செய்தவர். மகளுக்குக் கடல் ஒத்துவரவில்லை. யாரைக் குற்றம் சொல்வது?

“ஏன் உனக்கு இந்த விமானம் ஓட்டுற வேலை?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மேலாலை போனால் சத்தி வராதெண்டு நினைச்சனான்.”

“வரேல்லையோ?”

“முதல் நாளே வந்தது. பிறகு சுக்கானை என்ரை கையிலை தந்தாங்கள். அதோடை நிண்டிட்டுது.”

பிரான்சில் இருக்கும் தமையன், ஊரில் வீட்டுக்கு மேல்மாடி கட்ட அனுப்பிய காசில்தான் இந்தப் படிப்பு நடந்தது. அவர்கள் வீட்டுக்கு இன்றுவரை மேல்மாடி இல்லை.

இனி எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கடலில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்து, “கடல் எப்பிடி?” என்று கேட்டால், “சோலி இல்லை”, ஒரு தொல்லையும் இல்லை, என்றுதான் பதில் வரும். அலை படகுக்கு மேலால் பாய்ந்தாலும் அதே பதில்தான். இயந்திரம் நின்று ஐந்து மணித்தியாலம் காற்றோடு இழுபட்டுக்கொண்டிருந்த என் சித்தப்பா, “சோலி இல்லை, கொஞ்சம் பிந்தும்” என்றார். வீட்டில் இருப்பவர்கள் பயப்படக்கூடாது என்று எல்லோரும் பொய் சொல்கிறோம். பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறார்கள்.

பஸ்ரியாம்பிள்ளையும் பத்து வருடத்துக்கு முன்னர், வாடைக் காற்று வீசிய ஒரு கார்த்திகை மாதத்தில், மனைவி ஞானசவுந்தரியிடம் சோலி இல்லை என்றார். மனைவி அவருக்குச் சோறு போட்டு மூடி வைத்தார். மூன்றாம் நாள் மண்கும்பான் கரையில் உடலைக் கண்டெடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஊரில் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. யூலியானாவும் படகில் வாந்திப் பையை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையால் தொலைபேசியை எடுத்துத் தாயிடம் அதையேதான் சொல்லிவந்தாள்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு சின்னப் பறப்புப் பள்ளி, இரண்டிரண்டு இருக்கைகள் கொண்ட இரண்டு விமானங்களை அந்த வருடம் சில மாதங்களுக்குப் பலாலி விமான நிலையத்தில் வைத்திருந்தது. பயிற்றுநர் தர்சன் அவளைவிடப் பத்து வயது இளையவன். தரையில் நிற்கும்போது அக்கா என்பான். மேலே போனால் அந்த அக்கா கீழேயே நின்றுவிடுவாள்.

“காற்றுக் குலுக்கினால் வேகத்தைக் குறையுங்கோ” என்று அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். “விமானத்தின்ரை செட்டையை மட்டமாய் வைச்சிருங்கோ. நூறடி ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும். துரத்திப் பிடிக்கப் போகாதேங்கோ. மற்றது, மேலை என்ன நடக்குதோ அதை அப்பிடியே வானொலியிலை சொல்லுங்கோ.”

கடைசியாகச் சொன்னதை அவள் பெரிதாக எடுக்கவில்லை.

ஆடி மாதம். சோளகம் என்ற தென்மேல் காற்று வீசுகிற காலம். யூலியானா தனியே ஊர்காவற்றுறை வரை பறந்து திரும்பவேண்டிய நாள். குறித்த பாதையை முழுதாகப் பறக்காமல் குறுக்கு வழியில் திரும்பினால் அந்தப் பாடம் கணக்கில் வராது. விமானங்கள் அந்தக் கிழமையே கொழும்புக்குத் திரும்புகின்றன. மேலே நிலைமை நல்லது என்று அவள் சொன்ன பிறகு, வேலணையைச் சேர்ந்த மாணவி துஷாந்தினி மற்ற விமானத்தில், வாழ்க்கையில் முதன்முறையாகத் தனியே ஏறவேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. ஓடுபாதைக்குப் பக்கத்தில் இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

காரைநகர் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடல் முடிந்து சூடேறிய தரை தொடங்கிய இடத்தில் விமானம் திடீரென்று கீழே விழுந்தது. யூலியானாவின் தலை கூரையில் மோதியது. தண்ணீர்ப் போத்தல் பறந்துபோய் மற்ற இருக்கையில் குந்தியது. அவள் சுக்கானை இழுத்தாள். விமானம் தேவைக்கு மேல் ஏறியது. அமத்தினாள், தேவைக்கு மேல் இறங்கியது. செய்யாதே என்று சொல்லப்பட்ட எல்லாவற்றையும் ஒரு நிமிடத்துக்குள் ஒழுங்காகச் செய்து முடித்தாள்.

அப்போது வானொலியில் தர்சன் கேட்டான், ஆங்கிலத்தில்: மேலே நிலைமை எப்படி?

யூலியானா யோசிக்கவே இல்லை. சோலி இல்லை என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

அதன் பிறகு பாடம் நினைவுக்கு வந்தது. வேகத்தைக் குறைத்தாள். இறக்கைகளை மட்டமாக வைத்தாள். விமானம் ஏறியது, இறங்கியது, அவள் துரத்தவில்லை. கீழே ஊர்காவற்றுறைத் துறைமுகமும் கோயிலும் தெரிந்தன. மேல்மாடி இல்லாத தன் வீட்டையும் கண்டுபிடித்தாள். அங்கே வட்டமடித்துத் திரும்பினாள். இன்னும் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பாடம் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் துஷாந்தினியின் மெல்லிய குரல் வானொலியில் கேட்டது. ஓடுபாதைக்குள் வர அனுமதி கேட்டாள்.

யூலியானாவுக்குப் பயம் வந்தது. தன்னை நினைத்து வந்த பயம் இல்லை. தான் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஒரு பிள்ளை இதற்குள் ஏறி வரப்போகிறது. தகப்பனின் முகம் நினைவுக்கு வந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். உண்மையைச் சொன்னால், உடனே நேர்வழியில் வந்து இறங்கச் சொல்வார்கள், பாடம் கணக்கில் வராது என்பதும் தெரியும்.

பொத்தானை அமத்தினாள். ஆங்கிலம் வாய்க்கு வரவில்லை.

“தம்பி, அந்தப் பிள்ளையை ஏத்தாதேங்கோ. நான் சொன்னது பொய். இஞ்சை சரியான குலுக்கல். என்ரை தலை கூரையிலை அடிபட்டது. எனக்குப் பயமாய்க் கிடக்குது.”

அதே அலைவரிசையில், சென்னையிலிருந்து பலாலிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் விமானத்தின் விமானி, குலுக்கல் எந்த உயரத்தில் என்று தமிழில் கேட்டார். அவள் சொன்னாள். அவர் நன்றி சொன்னார்.

துஷாந்தினியைத் திருப்பினார்கள். யூலியானாவை நேரே வரச் சொன்னார்கள். இரண்டு தரம் துள்ளி, மூன்றாம் தரம் தரையில் நின்றாள். தர்சன் கதவைத் திறந்தான்.

“பாடம் கணக்கில்லை, அக்கா.”

“ஓம்.”

“முதலே சொல்லியிருக்கலாம்.”

“எங்கடை ஊரிலை அப்பிடிச் சொல்லுறேல்லை.”

அவன் யாழ்ப்பாணப் பட்டணத்துக்காரன். அவனுக்கு விளங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அனலைதீவுப் படகில் நானும் இருந்தேன். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. யூலியானாவின் தொலைபேசி அடித்தது. படகில் இருந்த எல்லோருக்கும் கேள்வியும் தெரியும், பதிலும் தெரியும்.

“சரியான கரடு, அம்மா” என்றாள் யூலியானா. “மூண்டு பேர் சத்தி எடுத்திட்டினம். நான் நாலாவது.”

படகில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சுக்கான் பிடித்தவரின் முகம் கறுத்துவிட்டது. அவரைக் குற்றம் சொன்னதாக நினைத்தார் போலும். தாய் அழுது குளறுவார், இவளுக்கு இது தேவையா என்று எனக்கே கோபம் வந்தது.

இயந்திர இரைச்சலில் தாயின் குரல் கேட்கவேண்டும் என்று யூலியானா ஒலியைக் கூட்டி வைத்திருந்தாள். அதனால் தாய் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“உன்ரை அப்பாவும் அண்டைக்கு இப்பிடிச் சொல்லியிருந்தால்,” என்றார் ஞானசவுந்தரி, “நான் வெளிச்சம் இருக்கேக்கையே தேட ஆள் அனுப்பியிருப்பன்.”

பிறகு, கரைக்குப் போனதும் எடுக்கச் சொல்லிவிட்டு வைத்தார். கொஞ்சத் தூரம் போனபின் சுக்கான் பிடித்தவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர் தொலைபேசியை எடுத்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, “கொஞ்சம் கரடுதான்” என்றார்.