மூக்காண்டியின் காது

இது கதையில்லை. நடந்தது. நம்ப மாட்டேன் என்கிறவர்கள் இப்போதே கிளம்பலாம். உங்களிடம் சத்தியம் செய்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

என் பெயர் பிரின்ஸ். சங்கரன்கோவில்காரன். விசைத்தறிக்காரர்களின் காதைக் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பது என் ஆராய்ச்சி. ஒருவருடைய காது பரிசோதனை எண்களைக் கொடுத்தால், அவர் காதைப் போலவே ஒரு மாதிரியை அது உண்டாக்கும். அதற்குள் ஒரு சத்தத்தை விட்டால் திரையில் கோடு ஓடும். அவருக்குக் கேட்டால் கோடு எழும். கேட்காவிட்டால் படுத்திருக்கும்.

ஐப்பசியில் மூக்காண்டி என்னைத் தேடி வந்தார். முப்பது வருடம் தறி ஓட்டி, காது பாதி போனவர். கூட வேலை பார்த்த கருத்தப்பாண்டி, ஆவணியில் தறி பெல்ட்டில் கை மாட்டி இழுபட்டுச் செத்துப்போனார். அவர்கள் வேலை பார்த்த தறி செட் ஊர் தாண்டித் தனியாக நிற்கும். அப்போது அங்கே இவர் மட்டும்தான், பத்தடி தள்ளி வாசலில். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "கூப்பிட்டது கேட்டும் வரலை" என்று கருத்தப்பாண்டியின் மனைவி கோகிலா போலீஸில் மனு கொடுத்துவிட்டாள்.

"நாலு தறி ஓடிட்டு இருந்துச்சு தம்பி. எனக்கு எங்கன கேக்கும்? உங்க கம்ப்யூட்டர்ட்ட கேட்டு ஒரு லெட்டர் தாங்க."

தறி இரைச்சலில் ஓர் ஆளின் கத்தலைக் கலந்து அவர் காதுக்குள் விட்டேன். கோடு அசையவில்லை. மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாவம், வீண்பழி என்றுதான் நினைத்தேன். லெட்டரை எழுதி வைத்தேன்.

ஒரு வேலை பாக்கி. ஒப்பிட்டுப் பார்க்க, தறி ஓடாதபோது அந்த செட்டின் சத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். முதலாளி ஒரு நிமிஷம்கூட நிறுத்த விடமாட்டார். மாதாந்திர ஷட்டவுன் அன்றுதான் முடியும். காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை கரண்ட் இருக்காது.

அன்று போனோம். பட்டப்பகல். மூக்காண்டி உள்ளே வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மணி 11.20. மைக்கை வைத்தேன். லேப்டாப் பேட்டரியில் ஓடியது. திரையில் இரண்டு கோடுகள். மேலே நல்ல காது. கீழே மூக்காண்டியின் காது. இரண்டும் படுத்திருந்தன.

11.31. கீழ்க்கோடு எழுந்தது.

மேலே... ஒன்றுமில்லை.

நல்ல காதுக்குக் கேட்காதது கெட்ட காதுக்கு எப்படிக் கேட்கும்? ஒயரை ஆட்டிப் பார்த்தேன். ஹெட்போனை மாட்டினேன். ஒரு சத்தமுமில்லை. கோடு மறுபடி எழுந்தது. விழுந்தது. எழுந்தது. வருடக்கணக்காக நான் பார்த்த வடிவம். ஓர் ஆள் கூப்பிடுகிற வடிவம்.

11.40. இடைவெளி குறைந்தது.

திரும்பினேன். மூக்காண்டி இரண்டு காதையும் பொத்தியிருந்தார்.

"கத்தாதலே... கரண்டு வாரதுக்குள்ள வாரேம்லே..."

"யார்ட்ட பேசுதிய அண்ணாச்சி?"



11.47.

டக்.

நாலு தறியும் ஓடின.

தட... தட... தட...

கீழ்க்கோடு படுத்துவிட்டது.

பிறகு எழவேயில்லை.

எப்படி வெளியே வந்தேனோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். மூக்காண்டி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அவர் கோகிலாவின் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட்டார். மறுநாள் அவள் என்னிடம் சொன்னாள்.

"அன்னைக்கும் ஷட்டவுன்தான். ஒம்பது மணிக்கு கரண்டு போகையிலயே கை மாட்டிட்டாம். தறி ஒண்ணும் ஓடலை. அவுக கூப்புட்டுக்கிட்டே கெடந்திருக்காவ. இவன் கேட்டுக்கிட்டே வாசல்ல இருந்திருக்கான். ரெண்டு மணிக்குத்தான கரண்டு வரும், கொஞ்ச நேரம் கெடக்கட்டும்னு..."

நான் லெட்டரைக் கிழித்துப் போட்டேன்.

மனசு கேட்காமல் கரண்ட் ஆபீஸில் விசாரித்தேன். நாங்கள் பதிவு செய்த அன்று கரண்ட் விட்டது இரண்டு மணிக்குத்தானாம். அதற்கு முன் ஒரு நொடிகூட இல்லையாம்.

கருத்தப்பாண்டி செத்த ஆவணி ஷட்டவுன் அன்று மட்டும் வேலை சீக்கிரம் முடிந்து, முன்கூட்டியே விட்டுவிட்டார்கள். அங்கிருந்தவர் நோட்டைப் புரட்டி நேரத்தைச் சொன்னார்.

11.47.